ஒன்லுக்: சில எழுத்துகள் மட்டும் தெரிந்தால் சொல்லைப் பிடித்துத் தரும் தேடுபொறி

ஸ்கிராபிள், வேர்டில், ஸ்பெல்லிங் பீ, குறுக்கெழுத்து என்று எந்த ஆங்கிலச் சொல் விளையாட்டை எடுத்தாலும் சிக்கல் ஒன்றுதான். சில எழுத்துகள் தெரியும், சொல் தெரியாது. இதற்காக இணையத்தில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 'இதில் தொடங்கும்', 'இதில் முடியும்', 'இதைக் கொண்டிருக்கும்' என்று மூன்று பெட்டிகள் இருக்கும். எளிய தேடலுக்கு அவை போதும். 'இரண்டாம் எழுத்து உயிர், கடைசி எழுத்து எச், இந்த நான்கு எழுத்து வரவே கூடாது' என்ற அளவுக்குத் தேவை போனால் அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்லுக் இதற்கு நேர்மாறானது. ஒரே ஒரு பெட்டி, அதில் எழுத ஒரு சின்னக் குறியீட்டு மொழி, அவ்வளவுதான். 1996 முதல் இருந்துவரும் இந்தத் தளம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகராதிகளை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பயன்படுத்துவோரில் பலர் சொல்லைத் தட்டிப் பொருள் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் உண்மையான பலம் குறியீடுகளில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் முழுவதையும் கற்றுவிடலாம்.

எழுதும் முறை பற்றி ஒரு சொல். கீழே வரும் ஆங்கில எழுத்துகளைத் தமிழில், இடைவெளி விட்டு எழுதியிருக்கிறோம். பெட்டியில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளாக, இடைவெளியே இல்லாமல் சேர்த்துத் தட்ட வேண்டும். தமிழில் ஒரே மாதிரி எழுத வேண்டிய ஆங்கில எழுத்துகள் சில உண்டு என்பதால், அவை அதிகம் வராத எடுத்துக்காட்டுகளையே எடுத்திருக்கிறோம்.

அடிப்படைக் குறிகள் நான்கு. நட்சத்திரம் (*) எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், ஓர் எழுத்துகூட இல்லாவிட்டாலும் பொருந்தும். '* ஜி எச்' என்றால் லாஃப், காஃப், ரஃப், ஹை எல்லாம் வரும். கேள்விக்குறி (?) சரியாக ஓர் எழுத்துக்கு. 'எஸ் ???? எச்' என்றால் எஸ்ஸில் தொடங்கி எச்சில் முடியும் ஆறெழுத்துச் சொற்கள்: சர்ச், ஸ்மூத், ஸ்பிளாஷ், ஸ்குவாஷ். ஹாஷ் குறி (#) ஏதாவது ஒரு மெய்யெழுத்து, அட் குறி (@) ஏதாவது ஓர் உயிரெழுத்து. கடைசி இரண்டையும் சொல்தேடும் தளங்களில் அரிதாகத்தான் பார்க்க முடியும். ஸ்கிராபிளில் உயிரெழுத்தாகவே வந்து கை நிறைந்துவிட்டால் '@@#@' என்று தட்டிப் பாருங்கள். யூரோ, ஆரா, ஊஸ், ஈவ் போன்ற நான்கெழுத்துச் சொற்கள் வரிசையாக வரும். ஒரே வீச்சில் மூன்று உயிர்களைக் கழிக்கலாம். ஆட்டம் முடிந்த பிறகு இந்த ஒரு வடிவத்தை எடுத்து வைத்துப் படித்தால் அடுத்த ஆட்டத்தில் கை தானாக ஓடும்.

அடுத்த அடுக்கில் இன்னும் நான்கு. கமா இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கும். '?????,* ஒய் *' என்றால் ஐந்தெழுத்து, எங்காவது ஒய் இருக்க வேண்டும்: ஹேப்பி, ரைம். மைனஸ் போட்டு எழுத்துகளை எழுதினால் அவை வரவே கூடாது. 'எஸ் எச் ???-இ ஐ' என்றால் ஷார்க், ஷாக், ஷால் கிடைக்கும். ஷெல், ஷைன் கழிந்துவிடும். பிளஸ் போட்டால் அந்த எழுத்துகள் மட்டுமே வரலாம். இரட்டை ஸ்லாஷ் (//) போட்டால் அதன் பின்வரும் எழுத்துகளைக் கலைத்து அடுக்கிச் சொல் தேடும். மைனஸும் பிளஸும் வடிவத்தின் கடைசியில்தான் வர வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரெழுத்தே இல்லாத சொற்கள் வேண்டுமா? '?????-ஏ இ ஐ ஓ யு' என்று தட்டினால் நிம்ஃப், கிரிப்ட், கிளிஃப், ட்ரிஸ்ட், மர் போன்ற ஐந்தெழுத்துச் சொற்கள் வந்து நிற்கும். வேர்டிலில் ஐந்து உயிர்களும் சாம்பல் நிறமாகிவிட்டால், அதாவது விடையில் இல்லை என்று தெரிந்துவிட்டால், இந்த ஒரே தேடல் போதும்.

மைனஸ் குறி எவ்வளவு பயன் தருமோ அவ்வளவு ஏமாற்றவும் செய்யும். அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, யு இல்லாத க்யூ சொற்கள். ஸ்கிராபிள் பையில் க்யூ ஒன்றுதான், யு நான்கு. அந்த நான்கும் பலகையில் போய்விட்டால் க்யூ கையில் மாட்டிக்கொள்ளும். கடைசி வரை தங்கினால் உங்கள் கணக்கில் 10 புள்ளி கழியும், ஆட்டத்தை முடித்தவருக்கு அது சேரும். அதனால் எல்லோரும் முதலில் தேடுவது '* க்யூ *-யு' என்றுதான். அந்தத் தேடலில் இரண்டு குறை உண்டு.

முதலாவது, ஈராக், கத்தார், நாஸ்டாக் என்று பெயர்ச்சொற்கள் பட்டியல் முழுக்க நிறைந்திருக்கும். ஒன்லுக் பொது அகராதிகளோடு கலைக்களஞ்சியம், சுருக்கெழுத்து அகராதி என்று எல்லாவற்றையும் தேடுவதால் இதைத் தவிர்க்க முடியாது. ஸ்கிராபிளில் செல்லும் கீ, காட், ஃபகீர், நிகாப், தலாக், கனாட், குவெர்ட்டி எல்லாம் அவற்றுக்கு நடுவே கலந்து கிடக்கும்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. '-யு' என்றால் 'சொல்லில் எங்குமே யு கூடாது' என்று பொருள். நமக்கு வேண்டியது 'க்யூவுக்கு அடுத்து யு கூடாது' என்பதுதான். இரண்டும் ஒன்றல்ல. புர்கா என்ற சொல்லில் யு க்யூவுக்கு முன்னால் வருகிறது. சூக், உமியாக் ஆகியவற்றிலும் அப்படியே. மூன்றும் ஸ்கிராபிளில் செல்லும், மூன்றும் இந்தத் தேடலில் காணாமல் போய்விடும். சரியான வழி ஒரு தேடலைப் பலவாகப் பிரிப்பது. '* க்யூ' என்று முடிவில் க்யூ வரும் சொற்கள் ஒரு முறை. தலாக், சூக், உமியாக் இதில் கிடைக்கும். '* க்யூ ஏ *' என்று ஒரு முறை. புர்கா, நிகாப், காட் இதில் வரும். '* க்யூ ஐ *' ஒரு முறை. பிறகு '* க்யூ # *', அதாவது க்யூவுக்கு அடுத்து மெய்யெழுத்து. குவெர்ட்டியும் புக்ஷாவும் இதில்தான் அகப்படும். 'இல்லாமை' பற்றிய எந்தத் தேடலிலும் 'எங்குமே இல்லை'யா, 'இந்த இடத்தில் இல்லை'யா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்லுக்கின் மைனஸுக்கு முதல் வகை மட்டும்தான் தெரியும்.

வேர்டில் ஆடுவோர் இதே சுவரில்தான் போய் முட்டுவார்கள். பச்சைக்கும் (எழுத்தும் இடமும் சரி) சாம்பலுக்கும் ஒன்லுக் கச்சிதம். மஞ்சளுக்குத்தான் (எழுத்து உண்டு, இடம் வேறு) இடறுகிறது. முதல் ஊகமாக 'ரைஸ்' (ஆர் ஏ ஐ எஸ் இ) போட்டு, ஏ மட்டும் மஞ்சள், மற்ற நான்கும் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். ஏ உண்டு, ஆனால் இரண்டாம் இடத்தில் இல்லை. இதை ஒரே வடிவத்தில் சொல்ல வழியில்லை. மீதி நான்கு இடங்களுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும்: 'ஏ ????-ஆர் ஐ எஸ் இ', '?? ஏ ??-ஆர் ஐ எஸ் இ', '??? ஏ ?-ஆர் ஐ எஸ் இ', '???? ஏ-ஆர் ஐ எஸ் இ'. இரண்டாவதில் சாக், ஃபிளாங்க், குவாக் வரும். மூன்றாவதில் உமன், ஹியூமன், லோக்கல், வோக்கல். நான்காவதில் கோகோவா, கோவாலா வரும். கூடவே மாங்கா, பாண்டாவும் வரும். இவை இரண்டிலும் இரண்டாம் எழுத்தும் ஏதான், ஆகவே விடையாக இருக்க முடியாது. ஒன்லுக் அதைக் கழிக்காது, நாம்தான் கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடப்பது. ஊகத்தில் ஒரே எழுத்து இருமுறை வந்து, ஒன்று மஞ்சளாகவும் மற்றது சாம்பலாகவும் காட்டினால், அந்தச் சாம்பலை மைனஸில் சேர்க்கக் கூடாது. 'ஹலோ' என்று போட்டால் எல் இரண்டு. விடை 'ஃபிளேம்' என்றால் முதல் எல் மஞ்சள், இரண்டாவது எல் சாம்பல். 'விடையில் எல் ஒன்றுதான்' என்பதே அந்தச் சாம்பலின் பொருள். அவசரத்தில் '-எல்' என்று போட்டால் விடையே பட்டியலிலிருந்து போய்விடும். 'ஒரு சொல்லும் கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வேர்டிலில் இரட்டை ஸ்லாஷின் அருமை தெரிவது, நான்கு எழுத்து பச்சையான பிறகு. '? ஐ ஜி எச் டி' என்ற வடிவத்துக்கு விடையாக வரக்கூடிய பொதுச் சொற்கள் எட்டு: எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட். மூன்று வாய்ப்பு மட்டும் மிச்சமிருக்க, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தோற்கும் வாய்ப்பே அதிகம். செய்ய வேண்டியது, முதல் எழுத்துகளில் பலவற்றை ஒரே சொல்லில் சோதிப்பது. '// எஃப் எல் எம் இ ?' என்று தட்டுங்கள். எஃப், எல், எம், இ நான்கும் கொண்ட ஐந்தெழுத்துச் சொற்களாக ஃபிளேமும் ஃப்ளூமும் வரும். ஃபிளேமைப் போட்டால் எய்ட், ஃபைட், லைட், மைட் நான்கும் ஒரே நேரத்தில் சோதிக்கப்படும். எந்த எழுத்து நிறம் மாறுகிறதோ அதுவே முதலெழுத்து. எதுவும் மாறவில்லை என்றால் அடுத்து ஸ்நார்ட் (எஸ் என் ஓ ஆர் டி). அதில் எஸ், என், ஆர் மூன்றில் ஒன்று நிறம் மாறினால் சைட், நைட், ரைட் என்று தெரிந்துவிடும். மூன்றும் மாறாவிட்டால் டைட். எட்டில் எதுவாக இருந்தாலும் மூன்றாவது வாய்ப்புக்குள் விடை உறுதி. ஹார்ட் மோடில் இது செல்லாது, ஏனென்றால் அங்கே தெரிந்த எழுத்துகளை விட்டுவிட்டு ஊகிக்க விடமாட்டார்கள். சாதாரண மோடில் ஆடுவோர் இதைப் பழகிக்கொண்டால் நீண்ட தொடர்வெற்றி உடையும் நாள்கள் வெகுவாகக் குறையும்.

ஸ்பெல்லிங் பீக்கு ஒன்லுக் போல இன்னொரு கருவி இல்லை என்றே சொல்லலாம். ஏழு எழுத்து கொடுப்பார்கள், நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும், குறைந்தது நான்கு எழுத்து, ஓர் எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். பிளஸ் குறியின் இயல்பு அப்படியே இதுதான். ஏ, ஜி, ஐ, எல், என், ஆர், ஒய் என்ற ஏழில் எல் நடுவில் இருந்தால் '* எல் *+ஏ ஜி ஐ எல் என் ஆர் ஒய்' என்று தட்டினால் போதும். அல்லை, கிரில், ரேலி, லையிங், நார்லி, ரெய்லிங் எல்லாம் வரும். ஆங்க்ரிலி, ரேலியிங் போன்ற, ஏழும் வரும் பேன்கிராம்களும் அதிலேயே இருக்கும். மூன்றெழுத்துச் சொற்கள் இடையூறாக இருந்தால் முன்னால் '????*,' சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்லுக் காட்டும் எல்லாச் சொல்லையும் ஸ்பெல்லிங் பீ ஏற்காது. அங்கே பட்டியலை ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். அரிய சொற்களையும் பெயர்ச்சொற்களையும் விட்டுவிடுவார். ஒன்லுக் பரவலாகத் தெரிந்த சொற்களை முன்னால் வைப்பதால், பட்டியலின் மேல்பகுதியை மட்டும் நம்புவது நல்லது.

இப்போது ஸ்கிராபிள். குறையும் நிறையும் இங்கேதான் சேர்ந்து வருகின்றன.

நிறையை முதலில் சொல்லலாம். ராக்கில், அதாவது கையிலுள்ள எழுத்துகளை வைக்கும் தட்டில், ஏ, ஜி, ஐ, எல், என், ஆர், கூடவே எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பிளாங்க். ஏழையும் ஒரே சொல்லில் போட்டால் 50 புள்ளி போனஸ், இதைப் பிங்கோ என்பார்கள். '// ஏ ஜி ஐ எல் என் ஆர் ?' என்று தட்டுங்கள், கேள்விக்குறிதான் பிளாங்க். டார்லிங், கிளேரிங், ஃபிளேரிங், பிளேரிங், ரெய்லிங், லார்க்கிங், ஆங்க்ரிலி, ரீஅலைன் என்று ஒரே கையில் இத்தனை பிங்கோ. ஆறு எழுத்தைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் தேறாது' என்று டைல் மாற்றுபவர் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்தால் இனி மாற்றமாட்டார். பிளாங்குக்குப் பதில் இ இருந்தால் ரீஅலைன், அலைனர், என்கிரெய்ல், நார்கிலே போன்றவை வரும். நார்கிலே என்றால் ஹூக்கா. பாரசீகத்தில் நார்கில் என்றால் தேங்காய். தொடக்கத்தில் சிரட்டையில் செய்ததால் அந்தப் பெயர்.

பலகையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு சேர்க்கவும் வழி உண்டு. பலகையில் 'ஆர் இ' இருக்க, கையில் ஏ, ஜி, ஐ, எல், என் என்றால் 'ஆர் இ // ஏ ஜி ஐ எல் என்' என்று தட்டலாம். தெரிந்த எழுத்து பின்னால் என்றால் இன்னொரு இரட்டை ஸ்லாஷ் போட்டு அதற்குப் பின்னால் எழுத வேண்டும். அந்த ஐந்தெழுத்தைத் தனியாகக் கலைத்தால் அலைனோடு லிங்காவும் வரும். நம் லிங்கம்தான், ஆங்கில அகராதி வழியாகப் பலகைக்கு வந்திருக்கிறது.

குறை இதுதான்: இரட்டை ஸ்லாஷ் கொடுத்த எழுத்து எல்லாவற்றையும் பயன்படுத்தியே தீரும். ஸ்கிராபிளில் பத்துக்கு ஒன்பது முறை நாம் போடுவது மூன்று, நான்கு, ஐந்தெழுத்துச் சொற்கள். ஏழில் எந்த நாலை எடுத்தால் சொல் வரும் என்று கேட்க ஒன்லுக்கின் குறியீட்டில் இடமில்லை. பிளஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பிளஸ் எழுத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். கையில் எல் ஒன்றுதான் இருக்கும், அது ரேலியையும் கிரில்லையும் காட்டும். இரட்டித்த எழுத்துள்ள சொற்களைக் கண்ணால் கழித்தால் ஓரளவு பயன் உண்டு, ஆட்ட ஆய்வுக்கு அது போதாது.

அதைவிடப் பெரிய குறை, ஒன்லுக் நடுவர் அல்ல என்பது. ஒரு சொல்லைக் காட்டுகிறது என்பதால் அது ஸ்கிராபிளில் செல்லும் என்று பொருளில்லை. உலகில் இரண்டு பட்டியல்கள் நடப்பில் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டபிள்யுஎல், இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் காலின்ஸ். என்டபிள்யுஎல்லின் 2018 பதிப்பில் 1,92,111 சொற்கள். காலின்ஸின் 2019 பதிப்பில் 2,79,496. வேறுபாடு சின்னச் சொற்களிலேயே தெரியும். ஈரெழுத்துச் சொற்கள் அங்கே 107, இங்கே 127. 'சி எச்', 'ஐ ஓ', 'இசட் ஓ' மூன்றும் காலின்ஸில் உண்டு, அங்கே இல்லை. அமெரிக்கப் பட்டியலை வைத்து இயங்கும் செயலியில் பழகிவிட்டுச் சென்னையிலோ கொழும்பிலோ போட்டிக்குப் போனால், எதிராளி போடும் சொல்லைத் தவறென்று நினைத்து சேலஞ்ச் செய்து நஷ்டப்பட நேரும்.

காலின்ஸ் பட்டியலில் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சியும் உண்டு. கஞ்சி இரண்டு எழுத்துக்கோவையில், காஞ்சீ என்றும் கான்ஜீ என்றும் செல்லும். அணைக்கட்டு அனிகட் ஆகவும், என் இரட்டித்த அன்னிகட் ஆகவும் இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர், இட்லி எல்லாம் உண்டு. மிளகுத்தண்ணி பன்னிரண்டு எழுத்து மல்லிகடானியாக இருக்கிறது. தோசையின் கதை சுவையானது. 'தோசா' ஒருமை, அதன் பன்மைகளில் ஒன்றாக 'தோசை' பதிவாகியிருக்கிறது. அதனால் தோசை என்று போட்டுவிட்டு அதன் பின்னால் எஸ் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

ஒன்லுக்கில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் அது எந்தெந்த அகராதிகளில் இருக்கிறது என்ற பட்டியல் வரும். முழு நம்பிக்கைக்கு உரியதல்ல என்றாலும் இது நல்ல சைகை. பெரிய பொது அகராதிகள் பல இருந்தால் செல்ல வாய்ப்பு அதிகம். கலைக்களஞ்சியமும் கொச்சைச் சொல் அகராதியும் மட்டும் இருந்தால் கை வைக்காதீர்கள். முடிவாகக் காலின்ஸ் தளத்தில் உள்ள ஸ்கிராபிள் சொல் சரிபார்ப்பில் தட்டிப் பார்ப்பதே வழி. அமெரிக்கப் பட்டியலுக்கு மெரியம் வெப்ஸ்டர் தளத்தின் ஸ்கிராபிள் பகுதி உதவும்.

குறுக்கெழுத்துக்கு கோலன் (:) குறி. வடிவத்தை எழுதி, கோலன் போட்டு, பொருளை எழுத வேண்டும். 'சி ??????? என்:போட்' என்றால் சியில் தொடங்கி என்னில் முடியும் ஒன்பதெழுத்துப் படகு, கேட்டமரான். நேரடிக் குறிப்புகளுக்கு மிக வேகம். தி இந்து நாளிதழில் வருவது போன்ற மறைகுறிப்புக் குறுக்கெழுத்துக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் எந்தச் சொல் பொருளைக் குறிக்கிறது என்பதே அங்கே புதிர். அங்கே பயன்படுவது இரட்டை ஸ்லாஷ்தான். கலைத்து அடுக்கும் குறிப்பு என்று தெரிந்துவிட்டால் எழுத்துகளை அப்படியே கொடுக்கலாம். இரண்டு சொல்லாக உடையும் விடைகளையும் அது காட்டும்.

போனில் பயன்படுத்தும்போது வரும் தொல்லைகள் சில. ஆட்டோகரெக்ட் எழுத்துக் கூட்டத்தை ஏதாவது ஒரு சொல்லாக மாற்றிவிடும். தேடும் முன் பெட்டியை ஒருமுறை பாருங்கள். கீபோர்டு தானாக இடைவெளி சேர்த்தால் சொற்றொடர்களைத் தேடப் போய்விடும். வடிவத்தைத் தளத்தின் பெட்டியில்தான் தட்ட வேண்டும், பிரௌசரின் முகவரிப் பட்டையில் ஒட்டினால் கெட்டுவிடும். முகவரியில் கேள்விக்குறிக்கும் ஹாஷுக்கும் வேறு பொருள் உண்டு. ஹாஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது. புக்மார்க் செய்துகொள்ள விரும்பினால் ஹாஷை %23 என்றும் கேள்விக்குறியை %3எஃப் என்றும் பிளஸை %2பி என்றும் மாற்றி எழுத வேண்டும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதே இடத்தில் ஒரு புதையல் இருக்கிறது. ஒன்லுக்கை நடத்தும் டேட்டாமியூஸ் தன் ஏபிஐயை இலவசமாகத் தருகிறது. சாவி எதுவும் வாங்காமல் நாளொன்றுக்கு 1,00,000 கேள்வி வரை அனுப்பலாம். 'எஸ் பி' என்ற அளவுருவில் நட்சத்திரம், கேள்விக்குறி வடிவங்களைக் கொடுத்தால் ஜேசன் வடிவில் பட்டியல் வரும். இயல்பாக 100 சொல், கேட்டால் 1000 வரை. மேலே பார்த்த நான்கு வேர்டில் தேடல்களையும் ஒரே சொடுக்கில் ஓட்டி, இரண்டாம் இடத்தில் ஏ உள்ளவற்றைக் கழித்துத் தர ஒரு சிறு நிரல் போதும்.

ஸ்கிராபிளைப் போட்டி அளவில் ஆடுவோர் ஒன்லுக்கோடு நின்றுவிடக் கூடாது. அவர்களுக்கு உரியது ஜிஜீவா என்ற மென்பொருள். பல ஆங்கில அகராதிகளில் கடைசிச் சொல்லாக நிற்கும் தென்னமெரிக்க வண்டின் பெயர் அது. அந்தச் சொல்லே பலகையிலும் செல்லும்: இசட் மூன்று வேண்டும், பையில் உள்ள ஓர் இசட்டோடு இரண்டு பிளாங்கையும் சேர்த்தால் சரியாக வரும். ஒன்லுக்கில் இல்லாதது எல்லாம் ஜிஜீவாவில் உண்டு. கையில் உள்ள எழுத்துகளில் சிலவற்றை மட்டும் எடுத்து அமையும் சொற்களை நீளவாரியாகத் தருகிறது. எந்தச் சொல்லின் முன்னும் பின்னும் எந்த எழுத்து ஒட்டும் என்று காட்டுகிறது. ராக்கில் வரக்கூடிய வாய்ப்பின் வரிசையில் ஏழெழுத்துச் சொற்களை அடுக்குகிறது. தவறவிட்ட சொற்களை அடிக்கடியும் தெரிந்தவற்றை எப்போதாவதும் கேட்டுப் பழக்கும் அட்டைப் பெட்டி முறையும் இருக்கிறது. காலின்ஸுக்கு ஒன்று, அமெரிக்கப் பட்டியலுக்கு ஒன்று என்று இரண்டு பதிப்பு உண்டு. நீங்கள் ஆடும் போட்டிக்கு உரியதைப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குச் சொல்லின் பொருளைத் தேடிச் சொல் கண்டுபிடிக்கத் தெரியாது, குறுக்கெழுத்துக்கு உதவாது, வேர்டிலுக்கு யானை கொண்டு எறும்பு பிடிப்பது போல இருக்கும்.

இவற்றில் எதையும் ஆட்டத்தின் நடுவே எடுக்கக் கூடாது. போட்டி மேசையில் போனுக்கு இடமில்லை. நண்பர்களோடு ஆடும்போதும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதுதான் மரியாதை. ஒவ்வொரு முறையும் உங்கள் ராக்கில் இருந்த ஏழெழுத்தை ஸ்கோர் தாளின் ஓரத்தில் குறித்து வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் இரட்டை ஸ்லாஷோடு ஒன்லுக்கில் போட்டு, வந்ததைக் காலின்ஸில் சரிபார்த்து, தவறவிட்ட பிங்கோக்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து ராக், ராக்குக்கு அரை நிமிடம்.